வங்கக் கடலில் ஒரு வீட்டு விலாசம்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் ‘அரசு அலுவலகமும் செயற்கை நுண்ணறிவும்’ என்ற தலைப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முழுதாக ஒரு மணி நேரம் பேசினேன். முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். பின்வரிசை நிலவரம் தெரியாது, அன்றைக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். மேடையில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருந்ததால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, சொன்னால் வம்பு வராததை மட்டும் சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு என் ஊர் ஒதியம்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஓய்வு பெற்றாலும் பயம் ஓய்வு பெறுவதில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தகுதி. துணைத் தாசில்தாராக இருந்தபோது ஒரு பெரிய கூட்டத்தில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நின்று யோசித்தார்கள். நான் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். திரையில் படம் வந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, “இவர் டெக்னிக்கல் ஆள் போல” என்றார். அடுத்த வாரமே, அரசு அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வழிகாட்டு நெறிமுறை தயாரிக்கும் குழுவில் என் பெயர் வந்துவிட்டது. வீட்டில் ஆணையைக் காட்டினேன். “மிக்ஸி ஓடலன்னு ரெண்டு மாசமா சொல்றேன், நீங்க ஊருக்கு விதி எழுதப் போறீங்களா?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான்.

குழுவின் முதல் கூட்டத்திலேயே எங்களுக்கு உலக நிலவரம் சொன்னார்கள். சில நாடுகள் தலையணை தடிமனுக்குச் சட்டம் போட்டிருக்கின்றன. சில நாடுகள் கம்பெனிகள் ஓடட்டும், விழுந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டன. நம்மைப் போன்ற நாட்டுக்கு இரண்டுமே சங்கடம். சட்டம் போட்டால் அதை நடத்திப் பார்க்க ஆள் இல்லை. போடாவிட்டால் எங்கேயோ யாருக்கோ செய்த பொருள் நம் ஜனங்கள் தலையில் வந்து இறங்கும், கேட்க நாதி இருக்காது. இதை விளக்கிச் சொன்ன பேராசிரியர் நன்றாகவே விளக்கினார். அந்த நேரம் பார்த்து வடை வந்ததால் பாதிதான் என் காதில் விழுந்தது.

எனக்குக் கொடுத்த பகுதியை நான் எப்படி எழுதினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்தும் விதிகளைச் செயற்கை நுண்ணறிவிடமே கேட்டு வாங்கினேன். அது வெளிநாட்டு விதிகளையெல்லாம் திரட்டி நல்ல தமிழில் கொடுத்தது. டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. எங்கள் ஊரில் டிரைவர் இருக்கிற கரும்பு டிராக்டரே எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் பார்க்க எடுப்பாக இருந்ததால் அந்தப் பக்கத்தை அப்படியே சேர்த்தேன்.

சொந்தமாக நான் எழுதியது ஒரே ஒரு வாக்கியம். ‘இயந்திரம் பரிந்துரை மட்டுமே செய்யும், இறுதி முடிவை ஒரு மனிதரே எடுப்பார்.’ குழுவில் எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த மனிதர் எப்படி முடிவெடுப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்: பென்சில் டிக் இருக்கிற இடத்தில் கையெழுத்து போட்டு.

நீங்கள் புதியவர்கள், இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோப்பு அதிகாரியின் மேஜைக்கு வரும்போது, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் கிளார்க் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டு அனுப்புவார். அதிகாரி கோப்பைப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். கை மட்டும் டிக்கைத் தேடிப் போகும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் என் கை அப்படித்தான் போனது. ஒருமுறை யாரோ கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையில் தெரியாமல் ஒரு டிக் விழுந்திருந்தது. அதிலும் கையெழுத்து போட்டேன், தேதியோடு. பெண் வீட்டார் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள்.

நெறிமுறை வெளிவந்த கொஞ்ச நாளில் முதல் இயந்திரம் எங்கள் ஆபீசுக்கே வந்தது. குடியிருப்புச் சான்றிதழ் வேலைக்கு. அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு தமிழ்நாடு. இங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் தனி இடம் உண்டு. அதற்காகவே எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இங்கே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, அதில் ஒரு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பரம்பரையாக இங்கேதான் இருக்கிறோம் என்பார்கள். வருடா வருடம் கலந்தாய்வு நேரத்தில் இது பெரிய தகராறாகும். பெற்றோர்கள் மறியல் செய்வார்கள். போலிச் சான்றிதழ் கொடுத்ததாகச் சொல்லி யாராவது ஒரு ஊழியரை சஸ்பெண்ட் செய்வார்கள்.

வெளியூர்க் கம்பெனி ஒன்று இதற்கு மருந்து கொண்டுவந்தது. குடும்பத் தலைவரின் போனில் ஒரு செயலியைப் போட வேண்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை போன் எங்கே இருக்கிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். எங்கே அதிகம் இருக்கிறதோ அதுதான் வீடு. புதுச்சேரிக்குள் இருந்தால் பச்சை, வெளியே இருந்தால் சிவப்பு. “ரேஷன் கார்டு பொய் சொல்லும், வாடகை ஒப்பந்தம் பொய் சொல்லும், போன் பொய் சொல்லாது சார்” என்றார் கம்பெனியிலிருந்து வந்த தம்பி. மடிப்புக் கலையாத சட்டை, நல்ல பேச்சு. சோதனை ஓட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தர என்னைத்தான் உட்கார வைத்தார்கள், நான் டெக்னிக்கல் ஆள் அல்லவா. திரையில் பச்சை கொஞ்சம் வெளிறித் தெரிகிறது, இன்னும் கரும்பச்சையாக இருந்தால் நல்லது என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். மறுநாளே மாற்றிவிட்டார்கள். எவ்வளவு பொறுப்பான கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் வேலை சுகமாக ஓடியது. காலையில் பட்டியல் வரும். இயந்திரம் பச்சை என்றதைப் பச்சை என்றும் சிவப்பு என்றதைச் சிவப்பு என்றும் ஒப்புக்கொண்டு பட்டனைத் தட்டுவேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பென்சில் டிக் வண்ணத்தில் வர ஆரம்பித்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கலந்தாய்வின் கடைசி நாள் காலையில் அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மணப்பட்டு மீனவக் குடும்பம். மகள் பெயர் பவித்ரா. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசை, மதிப்பெண்ணும் அதற்கு ஏற்ற மாதிரி இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் குடியிருப்புச் சான்றிதழைக் காட்டினால் இடம் அவளுக்கு. காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இயந்திரம் அவர்களைச் சிவப்பில் போட்டிருந்தது. ஒப்புக்கொண்டது யார் என்று கீழே என் பதவி இருந்தது.

“சார், நாங்க எங்க குடியிருக்கோம்னு நீங்க பாத்தீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பார்த்தேன், அப்போதுதான் முதன்முறையாக. வரைபடத்தைத் திறந்தால் சிவப்புப் புள்ளி கரையைத் தாண்டி நீலத்தில் நின்றது. வழக்கமான வசிப்பிடம் என்ற இடத்தில் இயந்திரம் வங்கக் கடலைக் காட்டியிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். “இன்னா சார் இது? நாங்க இன்னா மீனா?” என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா நடுராத்திரிக்கு மேல் கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்தால் போனை அணைத்துச் சார்ஜில் போட்டுவிடுவார். போன் உயிரோடு இருப்பதே கடலில்தான். இயந்திரம் அதைக் கணக்குப் போட்டு, குடும்பத்தையே கடலில் குடியேற்றிவிட்டது.

பெரிய விஷயமில்லை, மாற்றிவிடலாம் என்று திரையைப் பார்த்தேன். அதில் இரண்டு பட்டன் இருந்தன. ஒன்று ‘ஏற்கிறேன்’. இன்னொன்று ‘பிறகு ஏற்கிறேன்’. மறுக்கிறேன் என்று ஒன்று இல்லவே இல்லை. சோதனை ஓட்டத்தில் பச்சையின் நிறத்தைத் திருத்திய மேதைக்கு இது கண்ணில் படவில்லை. இறுதி முடிவை மனிதர் எடுப்பார் என்று நான் எழுதியதை அந்தக் கம்பெனி மதித்து, மனிதருக்கு என்று இரண்டு பட்டன் செய்து கொடுத்திருந்தது.

கம்பெனித் தம்பிக்குப் போன் போட்டேன். “சார், மாடல் ரொம்ப உறுதியா சொல்லுது. வேணும்னா மேல்முறையீடு பண்ணச் சொல்லுங்க, மெயில் ஐடி இருக்கு, சில வாரத்துல பதில் வரும்” என்றார்.

“தம்பி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வேணும்.”

“அப்ப அடுத்த அப்டேட்ல பாக்கலாம் சார்.”

இந்த இடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். ஓய்வுக்குச் சில மாதம்தான் இருந்தது. போலிச் சான்றிதழ் விவகாரத்தில் வாசலில் கோஷம் போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்தை மீறி யாராவது கையால் சான்றிதழ் கொடுத்தால், காசு வாங்கிவிட்டான் என்றுதான் முதல் பேச்சு வரும். மெயில் ஐடியை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டால் என் மேல் ஒரு தூசி விழாது. சீட்டை எழுதியும்விட்டேன். அழகான கையெழுத்தில்.

அதற்குள் தாசில்தார் மேடம் வெளியே வந்துவிட்டார். அவர் என்னைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர், பேச்சில் சிக்கனம். என்ன தகராறு என்று கேட்டார். சொன்னேன். மீன் கதையையும் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை.

“சிவப்பு தப்புன்னு இப்ப தெரிஞ்சுது. பச்சை எல்லாம் சரின்னு எப்படித் தெரியும்?” என்றார்.

பச்சைகளைத் திறந்தோம். புள்ளிகள் ஊர் ஊராகப் பரவியிருந்தன. ஆனால் எல்லைச் சாலையில் ஓரிடத்தில் மட்டும் புள்ளிமேல் புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தால் பிரியவே இல்லை. அத்தனை குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே.

“இங்க அடுக்குமாடி ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் மேடம்.

“ஒரு ரீசார்ஜ் கடைதான் மேடம் இருக்கு.”

மேடம் திரையில் இருந்ததை அப்படியே அச்செடுக்கச் சொன்னார். பிறகு பவித்ராவைப் பார்த்து, “நீ டவுனுக்குப் போய் கலந்தாய்வுல உன் வரிசையை விடாம உக்காரு. கிடைக்கும்னு சொல்லமாட்டேன். பாத்துட்டுச் சொல்றோம்” என்றார். அவள் போனதும் என்னிடம் திரும்பினார். “நேரா மணப்பட்டு போங்க. அழுதாங்கன்னு கொடுத்தா அதுவும் தப்புதான், மெஷின் சொல்லிச்சுன்னு மறுத்த மாதிரியே. அவங்களுக்கு வேண்டியவங்கள விசாரிக்காதீங்க. ஆகாதவங்களக் கேளுங்க.”

ஆபீஸ் ஜீப் வேறு எங்கோ போயிருந்தது. என் ஸ்கூட்டரில் அந்த அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். “இன்னா சார், நண்டு மாரி போற” என்று ஒரு தடவை முதுகில் தட்டினார். கெஜட்டில் இல்லாத மரியாதை.

எல்லைச் சாலையில் அந்த ரீசார்ஜ் கடை வந்ததும் வண்டியை நிறுத்தினேன். உள்ளே சுவரை ஒட்டி மரப்பலகைகள். பலகை முழுக்க, இட்லித் தட்டில் இட்லி போல, போன்கள் வரிசையாகச் சார்ஜில் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டிய சீட்டில் ஒரு பெயர், ஒரு கடலூர் விலாசம். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர்தான், என் போனுக்கும் அவர்தான் ரீசார்ஜ் செய்வார்.

“இன்னாபா இதெல்லாம்?” என்றேன்.

“கடலூர்க்காரங்க வுட்டுட்டுப் போறது சார். ராத்திரி இங்கதான் கெடக்கணுமாம். மாச வாடகை. தங்கற எடம்தான், ஹாஸ்டல்னு வச்சுக்கயேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க போனும் வைக்கணுமா சார்? உங்களுக்குன்னா பாத்துப் போட்டுக்கலாம்” என்றார்.

மனிதர்கள் கடலூரில் தூங்குகிறார்கள், போன்கள் இங்கே வந்து தூங்குகின்றன. அத்தனை போனுக்கும் நான் குடியிருப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். அதில் யாரோ ஒருவருடைய பிள்ளைதான் பவித்ராவுக்கு அடுத்த இடத்தில் காத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. அதுவரை எனக்கு இருந்த சிரிப்பெல்லாம் அந்தக் கடையில் போய்விட்டது. படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன்.

மணப்பட்டில் அவர்கள் வீடு கூடத்தோடு ஒரே அறை. அப்பா கடலிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். போன் பிளாஸ்டிக் உறைக்குள், அணைந்து, சார்ஜில். எழுப்பிக் கேட்டேன். “கரைல இன்னாத்துக்கு சார் போனு? வேணும்னா கூவினா வந்துடப் போறாங்க” என்றார். அவர் பேச்சையும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. மேடம் சொன்னபடி, இந்தக் குடும்பத்துக்கு ஆகாதவர் யார் என்று தெருவில் கேட்டேன். தெருவே ஒரே வீட்டைக் கைகாட்டியது.

அந்த வீட்டு அம்மாவிடம், “இவங்க இங்க குடியில்லையாமே, கடலூர் பக்கம் போயிட்டாங்களாமே?” என்று கேட்டேன்.

“யாரு, இதுங்களா?” என்று அவர் இடுப்பில் கை வைத்தார். “எங்க சார் போவுதுங்க? போனாத்தான் நான் நிம்மதியா தண்ணி புடிப்பனே! எனக்குக் கல்யாணம் ஆயி இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து தெனமும் கொழாயாண்ட இதுங்களோடதான் சண்டை. ஒரு நாளு வுடல.”

எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். பவித்ரா படிப்புக்கு என்றேன். “அந்தப் பொண்ணா? அது நல்ல பொண்ணு சார், அவங்கம்மாதான் சரியில்ல” என்று சொல்லிவிட்டு, கேட்காமலே தன் ஆதார் அட்டையையும் எடுத்து வந்து காட்டினார். என் அனுபவத்தில் அதைவிட உறுதியான குடியிருப்புச் சாட்சியம் வந்ததில்லை.

ஆபீசுக்குத் திரும்பினேன். மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். “எழுதுங்க. மெஷின் என்ன சொல்லிச்சு, நீங்க என்ன பாத்தீங்க, ஏன் மாத்துறீங்க. உங்க பேர் போட்டு.”

“நீங்க போடலாமே மேடம்?” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“நான் மேல்கையெழுத்து போடுறேன். போய்ப் பாத்தது நீங்க.”

எழுதினேன். இயந்திரம் இவர்கள் கடலில் வசிப்பதாகச் சொல்கிறது. நான் நேரில் சென்று பார்த்தேன். மணப்பட்டில் வசிக்கிறார்கள். என் பொறுப்பில் சான்றளிக்கிறேன். அவ்வளவுதான் விஷயம், நாலு வரி. கையெழுத்து போடப் பேனாவை இறக்கினேன். கை நின்றுவிட்டது. தாளின் கீழ்ப்பகுதியில் கண் எதையோ தேடியது. டிக் இல்லை. யாரும் எனக்கு முன்னால் இதைப் பார்த்துச் சரி சொல்லியிருக்கவில்லை. அப்போது வந்த வியர்வை என் திருமணத்தன்றுகூட வந்ததில்லை. போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை, கொஞ்சம் கோணலாக இருந்தது.

மறுபடியும் பவித்ராவின் அம்மாவை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு. அரியாங்குப்பம் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நின்றன. அவர் இறங்கி முன்னால் நடந்து, மீன் ஏலத்தில் கூவுகிற குரலில், “வழி வுடுங்க, ஆபீசரு போறாரு” என்றார். ஜனங்கள் என் ஸ்கூட்டரைப் பார்த்துச் சந்தேகப்பட்டாலும் வழி விட்டார்கள்.

கலந்தாய்வு அறைக்குள் போனபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. பவித்ரா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கியூஆர் கோடு எங்க?”

“இல்லைங்க. கையால எழுதினது.”

“சிஸ்டத்துல சிவப்புன்னு இருக்கே.”

“சிஸ்டம் தப்பு. நான் நேர்ல போய்ப் பாத்தேன்.”

“நாளைக்குக் கேஸ் வந்தா யார் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

இதைச் சொன்னது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அதிகாரி மேடத்துக்குப் போன் செய்து பேசினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, முகம் மாறி, என் அடையாள அட்டையை நகல் எடுத்துக்கொண்டு, ‘விசாரணைக்கு உட்பட்டது’ என்று எழுதி இடத்தை ஒதுக்கினார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை முழுக்க மீன் வாசனை. நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி பாக்கெட்டைத் துழாவினேன்.

மறு வாரம் எனக்குக் குறிப்பாணை வந்தது. அமைப்பின் முடிவை மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ‘நெறிமுறையில் இதற்கு இடமில்லை’ என்று மேற்கோள் காட்டியிருந்த பகுதியைப் படித்தேன், நடை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. நான் சேர்த்த பகுதிதான். டிரைவர் இல்லா வண்டிக்கு அடுத்த பக்கம். என் விதிக்கு நானே விளக்கம் எழுதிக் கொடுத்தேன். போன்களின் ஹாஸ்டல் படத்தையும் குழாயடிச் சண்டையையும் இணைத்தேன். மேடம் தன் குறிப்பையும் சேர்த்து அனுப்பினார். பச்சைகளை நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். என்மேல் இருந்த குறிப்பாணை சத்தமில்லாமல் மூடப்பட்டது. பவித்ராவின் இடம் உறுதியானது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை அன்றைக்கு மேடையிலேயே சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பேன். மேடம் மற்ற சிவப்புகளையும் பார்க்கச் சொன்னார். கடலோரத்து மீனவர்கள், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள், அப்பா ராத்திரிக் காவலாளியாக இருக்கிற வீடுகள். பலர் இங்கேயே பிறந்து இங்கேயே இருப்பவர்கள். பவித்ரா வந்து கேட்டாள். அவர்கள் வரவில்லை. அரசாங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். சிலருக்குக் கலந்தாய்வே முடிந்துவிட்டிருந்தது. பாகூரிலேயே ஒரு வீட்டுக்குப் போனேன். அப்பா ராத்திரிக் காவல் வேலை, எல்லைக்கு அந்தப் பக்கம். மகன் பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். “வுடு சார், அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். திரும்பி வரும்போது வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டனைத் தட்டியபோது டீ ஆறாமல் இருந்தது என்று எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

நெறிமுறையைத் திருத்த மறுபடி குழு கூடியது. இந்த முறை மேடத்தையும் கூப்பிட்டார்கள். பேராசிரியர் பல நாட்டு உதாரணங்கள் சொன்னார். மேடம் ஒரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இயந்திரம் யாருக்காவது மறுத்தால், அந்த மறுப்புச் செய்தியிலேயே அதற்குப் பொறுப்பான மனிதரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டும். பதவி போதாது, பெயர். மெயில் போதாது, போன். குழுவில் யாரும் மேஜையைத் தட்டவில்லை. எல்லோரும் தங்கள் போனைப் பார்த்தார்கள். பிறகு, முன்னோட்டமாக ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். என் எண்ணை மாற்றச் சொல்லி எத்தனையோ முறை எழுதிவிட்டேன். கம்பெனி அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம் என்கிறது. இப்போதும் கலந்தாய்வு மாதம் வந்தால் என் போன் விடாமல் அடிக்கும். சாப்பாட்டு நடுவில் எழுந்து போகிறேன் என்று மனைவிக்குக் கோபம். எனக்கு இப்போது எந்த அதிகாரமும் கிடையாது. விவரம் கேட்டுக்கொண்டு, உங்கள் ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பெயரைச் சொல்லி அனுப்புகிறேன். சிலர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள், தெரியும். எப்படியும் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் உங்கள் எண்ணைத்தான் போடப் போகிறார்கள். அப்போது எடுங்கள். சட்டம், விதி, குழு எல்லாம் நானும் பார்த்துவிட்டேன். யாராவது போனை எடுக்கவில்லை என்றால் அதெல்லாம் வெறும் தாள்.

நேற்று மத்தியானம் ஒரு புது எண். எடுத்தேன். ஒரு பெண் குரல், எங்கள் பக்கத்துப் பேச்சு.

“அலோ, இது மெஷினா, மனுசனா?”

“மனுஷன்தான்மா, சொல்லுங்க.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான்மா. சாப்ட்டுட்டு இருக்கேன்.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “அப்பாடா. செத்த இரு சார், அழுதுட்டுப் பேசறேன்.”

சோற்றுக் கையோடு காத்திருந்தேன்.